ஒற்றைப்படை வசனங்கள்

நான் கதை எழுதுகிற ஆள் இல்லை. கண்ணாடிக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து, ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸ் தேய்த்துக் கொடுப்பவள். கொஞ்சம் கூடினால் லென்ஸ் உட்காராது, குறைந்தால் கழன்று விழும். அப்படி அளந்தே பழகிய எனக்குக் கூட்டிச் சொல்லத் தெரியாது. இதெல்லாம் என் வீட்டு முன்னறையில், விளக்கு எரியும்போது, எனக்கே நடந்தது. நம்பாதவர்கள் தாராளமாக நம்பாமல் இருக்கலாம், எனக்கு நஷ்டமில்லை.

என் கணவர் நுரையீரல் நோயில் இறந்தார். எங்களுக்குப் பிள்ளை இல்லை. அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்தபோது எனக்கு அழுகை வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் ஈறு மரத்துப்போகுமே, அப்படி முழு உடம்பும் மரத்துக் கிடந்தது. துக்கம் கேட்க வந்தவர்களெல்லாம், "அழுதுடும்மா, அழுதாத்தான் பாரம் குறையும்" என்றார்கள். வந்தால் அழமாட்டேனா? டீ போட்டுக் கொடுத்து அனுப்பி வைத்தேன்.

தங்கை தினமும் போன் செய்தாள்.

"அக்கா, தனியா அங்க என்ன பண்ற? மூட்டை முடிச்சைக் கட்டிக்கிட்டு இங்க வந்துடு."

"பாக்கலாம்டி."

"பாக்கலாம் பாக்கலாம்னே மூணு மாசத்தை ஓட்டிட்ட."

நான் போகாததற்கு ஒரே காரணம் ஏழு மணி ஜெபம்.

கல்யாணம் ஆன நாளிலிருந்து, சாயங்காலம் ஏழு மணிக்கு நாங்கள் எதிரெதிர் நாற்காலியில் உட்காருவோம். வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தை மாறி மாறி வாசிப்போம். ஒற்றைப்படை வசனங்கள் அவருக்கு, இரட்டைப்படை எனக்கு. கடைசியில் ஜெபம், ஆமென். அவர் போன பிறகும் நான் இதை விடவில்லை. அவருடைய வசனம் வரும்போது மட்டும் வாய் திறக்கமாட்டேன். கண்ணால் படித்துவிட்டு, அவர் வாசித்து முடிக்கும் நேரம் காத்திருந்து, பிறகு என் வசனத்தை வாசிப்பேன். பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அந்தக் கால் மணி நேரம் மட்டும்தான் ஆண்டவர் பக்கத்தில் இருப்பதாகத் தோன்றும். மற்ற நேரமெல்லாம் ஆண்டவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. தங்கை வீட்டில் ஏழு மணிக்கு டிவி ஓடும்.

அன்று திங்கட்கிழமை.

முதலில் கேட்டது தாள் புரட்டும் சத்தம். வேதாகமத் தாள் மெல்லியது, புரட்டினால் தனியாக ஒரு சத்தம் வரும். சரக்... நான் புரட்டவில்லை. என் புத்தகம் என் மடியில் இருந்தது. சத்தம் எதிரேயிருந்து வந்தது. அவருடைய வேதாகமத்தை அவர் நெஞ்சின் மேல் வைத்துத்தான் பெட்டியை மூடினோம்.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறியும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை நாற்காலி. பழைய பிரம்பு நாற்காலி அது. ஆள் உட்கார்ந்தால் ஒரு முறை முனகும், எழுந்தால் ஒரு முறை. சரியாக ஏழு மணிக்கு ஒரு முனகல். ஏழு பதினாறுக்கு இன்னொன்று. உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயம் வரவில்லை. ஆசைதான் வந்தது. "நீங்களா?" என்று கேட்டேன். பதில் இல்லை.

புதன்கிழமை பதில் வந்தது.

முதல் வசனத்துக்காகக் காத்திருந்தேன்... எதிரே ஒரு குரல் அதை வாசித்தது. தெளிவாக. மெதுவாக.

என் கணவரின் குரல் இல்லை.

அவர் அவசரக்காரர். பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர் போல வாசிப்பார். கடைசி வருடம் ஒரு வசனம் முடிப்பதற்குள் மூன்று முறை மூச்சு வாங்குவார். இந்தக் குரல் அந்த நீளமான வசனத்தை ஒரே இழுப்பில் வாசித்து முடித்தது. மூச்சே வாங்கவில்லை.

நாற்காலியில் யாரும் இல்லை.

அப்போதுதான் பயந்தேன். பயம் வந்தால் ஜெபம் பண்ணு என்று சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஜெபத்திலேயே பயம் வந்து உட்கார்ந்தால் எங்கே ஓடுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

நான் வாயைத் திறக்கவில்லை.

குரலும் நின்றது... காத்திருந்தது.

டிக்... டிக்... கடிகாரம் மட்டும்.

மறுபடியும் அதே வசனம். அதே வேகம்.

மறுபடியும் அமைதி.

ஏழு ஆறு.

மூன்றாவது முறை, அதே வசனம்.

அதில் கோபம் இல்லை. பாடம் மறந்த பிள்ளைக்கு அடியெடுத்துக் கொடுப்பது போல இருந்தது.

புத்தகத்தை விளக்குப் பக்கம் சாய்த்தேன்.

வாசித்தேன்.

எழுத்து இரண்டிரண்டாகத் தெரிந்தது. ஆனாலும் வாசித்தேன்.

அடுத்த வசனம் எதிரேயிருந்து வந்தது.

பிறகு நான்.

பிறகு அது.

"ஆமென்" என்றேன்.

"ஆமென்."

நாற்காலி ஒரு முறை முனகியது...

அன்று இரவு அடித்துப் போட்டது போலத் தூங்கினேன். மூன்று மாதமாக வராத தூக்கம். மறுநாள் கடையில் லென்ஸ் ஒன்றைத் தவறாகத் தேய்த்துவிட்டேன். "என்னம்மா, கண்ணாடி உனக்குத்தான் வேணும் போலிருக்கே" என்றார் முதலாளி. வெகு நாளைக்குப் பிறகு சிரித்தேன். ஆண்டவர் எனக்குத் துணைக்கு ஆள் அனுப்பியிருக்கிறார் என்று மனசுக்குள் முடிவு கட்டிவிட்டேன். தங்கையிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன். வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அது வந்தது. இருவரும் வாசித்தோம்.

சனிக்கிழமை காலை பக்கத்து வீட்டு கீபோர்டு டீச்சர் வந்தாள். என் முன்னறைக்கும் அவள் வகுப்பு எடுக்கும் அறைக்கும் ஒரே சுவர். என் கணவர் இறந்த அன்று இரவு மகளின் பிரசவத்துக்கு ரயில் ஏறியவள், மூன்று மாதம் கழித்து முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்.

"உங்க சொந்தக்காரர் இன்னும் இங்கதான் இருக்காரா?"

"எந்தச் சொந்தக்காரர்?"

"நேத்து சாயங்காலம் உங்களோட சேந்து வாசிச்சாரே. நீங்க ஆஸ்பத்திரியில இருந்தப்போ வீட்டைப் பாத்துக்க வந்தவர்தானே?"

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் வீடு பூட்டிக் கிடந்தது. சாவி என் கைப்பையில் இருந்தது.

"உங்களுக்கு என்ன கேட்டுச்சு டீச்சர்?"

"தினமும் ஏழு மணிக்கு வாசிப்பாரு. ஆனா விட்டு விட்டு. பசங்களுக்குத் தாளம் எண்ணச் சொல்லித் தர்றவ இல்லையா, தன்னால எண்ணிப் பாத்தேன். ஒரு வசனம் வாசிப்பாரு. அப்புறம் ரெண்டு பேர் வாசிக்கிற அளவு சும்மா இருப்பாரு. மறுபடி ஒண்ணு. மறுபடி ரெண்டு பேருக்கு இடம். உங்க ரெண்டு பேருக்காகத்தான் விடுறாருன்னு நினைச்சேன். மனசுக்கு நல்லா இருந்துச்சு."

எனக்கும் நன்றாகத்தான் இருந்தது. நாங்கள் இல்லாத வீட்டில், எங்களுக்காக இடம் விட்டு, யாரோ வாசித்திருக்கிறார்கள். மூன்று மாதமாக வராத அழுகை தொண்டை வரை வந்தது.

"கடைசி நாள் மட்டும் மாத்திட்டாரு" என்றாள்.

"எப்படி?"

"நான் கிளம்புன வியாழக்கிழமை. பெட்டி அடுக்கிக்கிட்டே கேட்டேன். அன்னிக்கு ஒருத்தருக்கு மட்டும்தான் இடம் விட்டாரு."

தொண்டை வரை வந்த அழுகை அங்கேயே நின்றுவிட்டது.

அந்த வியாழக்கிழமை ஏழு மணிக்கு என் கணவர் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, டீயில் சர்க்கரை இல்லை என்று நர்ஸோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தார். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். என் கணவரின் மூச்சு நின்றது இரவு பதினொன்று நாற்பதுக்கு.

இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது. வந்திருப்பது யார், அனுப்பியது யார், எதுவும் தெரியாது. வீட்டையும் நான் காலி செய்யவில்லை. ஏழு மணிக்கு உட்காருகிறேன். அது வாசிக்கிறது, நான் வாசிக்கிறேன். மனசு அமைதியாகத்தான் இருக்கிறது. ஒன்றை மட்டும் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். தன் வசனத்தை முடித்ததும், எனக்கு அது இடம் விடுகிறதா என்று.

நேற்று வரை விட்டது.