சாய்ந்த ரிக் வண்டியும் ஐந்தாம் அலகும்

திருச்செங்கோட்டுப் பக்கம் பிளஸ் ஒன் இயற்பியல் வாத்தியார் என்றால், நடத்தாத பாடத்துக்குச் சம்பளம் வாங்குகிறவர் என்று பொருள். சக வாத்தியார்களே, நீங்களும் பட்டிருப்பீர்கள். என் பங்கைச் சொல்லிவிடுகிறேன்.

பிரிக்காத கட்டு

எங்கள் விடுதிப் பள்ளியில் ஜூன் மாதமே பிளஸ் டூ பாடம் தொடங்கிவிடும். பிளஸ் ஒன் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமல் ஸ்டோர் ரூமில் கிடக்கும். இந்த வருடம் மனது கேட்காமல், ஐந்தாம் அலகை மட்டுமாவது நடத்துகிறேன் என்று முதல்வரிடம் போய் நின்றேன். நிறை மையம், திருப்பு விசை, சுழற்சி எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது தெரியாமல் பிள்ளைகள் பொறியியல் கல்லூரியில் போய் முழிப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு எரிச்சல். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார்: "அதுக்குத்தான் பொதுத்தேர்வே கெடையாதுங்களே சார். கேக்காத கேள்விக்கு எதுக்குங்க பதில் சொல்லித் தர்றீங்க?"

ஆய்வு நாள்

கல்வி அதிகாரி வருகிறார் என்றதும் கட்டுகள் அவிழ்ந்தன. ஆளுக்கொரு புதுப் புத்தகம். ஐந்தாம் அலகைத் திறந்து வைத்துக்கொள்ளச் சொல்லி, கரும்பலகையில் ஒரு படமும் வரைந்து வைத்தேன். வெட்கம்தான், வேறென்ன.

சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்றார் அதிகாரி, யாரும் கேட்க மாட்டார்கள் என்ற தைரியத்தில். மல்லசமுத்திரத்து மோகனா எழுந்துவிட்டாள். "போர் போடுற ரிக் வண்டி எப்பங்க சார் சாயும்? தரை எளகினா மட்டுந்தானுங்களா?" அதிகாரி வாட்சைப் பார்த்தார். "நல்ல கேள்விம்மா. உங்க சார் அடுத்த வகுப்புல நடத்துவாரு."

டஸ்டர்

அடுத்த வகுப்பில் நான் நடத்தியது பிளஸ் டூ பாடமான மின்தேக்கி. மோகனா விடவில்லை, மதியம் ஆசிரியர் அறைக்கே வந்துவிட்டாள். மார்க்குக்காக இல்லாமல் ஒரு பிள்ளை கேட்கிறதே என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. சரித்த அட்டையில் டஸ்டரைப் படுக்க வைத்தேன், இருந்தது. அதே சரிவில் நிமிர்த்தி வைத்தேன், விழுந்தது. நிறை மையம் உயர்ந்துவிட்டால் சின்னச் சரிவே போதும், அதிலிருந்து நேர்கீழே இறங்கும் கோடு சக்கரங்களுக்கு வெளியே போய்விடும் என்று காட்டினேன்.

போன வருடம் சாய்ந்த ஒரு ரிக் வண்டியைப் பற்றி அவள் சொன்னாள். அதில் மாஸ்ட், அதாவது துளை போடும்போது நெட்டுக்குத்தாக நிற்கும் இரும்புக் கோபுரம், நிமிர்ந்தே இருந்ததாம். அடுத்துத் துளை போட வேண்டிய பாயிண்ட் இருபதடிதானே என்று இறக்காமலே மேட்டுக்காட்டில் நகர்த்தினார்களாம். நேரம் மிச்சம் பிடிக்க ரிக்காரர்கள் எங்கேயும் செய்வதுதான். "தரையாவது ஒண்ணாவது! நகத்தினவன் மடையன்" என்றேன் உற்சாகத்தில். அவள் டஸ்டரை எடுத்து மேசையில் படுக்க வைத்தாள். "வண்டியை எடுத்தது எங்கப்பாதானுங்க சார். அடியில மாட்டுனது எங்க மாமா."

பெற்றோர் வரும் ஞாயிறு

எல்லாரும் சோறு கொண்டுவந்த தூக்குப்போசிகளைத் திறந்து பிள்ளைகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்கள். மோகனாவின் அப்பா ஊன்றுகோலோடு என்னிடம் வந்தார். மச்சானைக் கொன்றவன் என்று மனைவி வீட்டார் பேச்சை நிறுத்தி ஒரு வருடமாம். தரை இளகித்தான் சாய்ந்தது என்று இவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அதை நிரூபிக்கத்தான் அந்தப் பெண் என்னைத் துரத்தியிருக்கிறாள்.

"ஏனுங்க சார், தரை எளகித்தான் வண்டி சாஞ்சுதுன்னு பாப்பா கணக்குப் போட்டுச் சொல்லுச்சுங்க. நீங்களும் சரி பாத்தீங்களாமா?" அவருக்குப் பின்னால் நின்று மோகனா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆமாங்க" என்றேன். பாவம் பார்த்துத்தான் சொன்னேன். அவர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கே மச்சான் பொண்டாட்டிகிட்டப் போயி, சாரே சொல்லிட்டாருன்னு சொல்லப்போறேனுங்க."

இத்தனை வருடத்தில் ஐந்தாம் அலகை நான் ஒரே ஒரு பிள்ளைக்குத்தான் நடத்தினேன். அவள் அதைச் சரியாகப் புரிந்துகொண்டு தப்பாகச் சொன்ன விடைக்கு முழு மதிப்பெண்ணும் போட்டேன்.