மார்கழியில் உறைந்த எண்ணெய்

பிள்ளைகளே, எண்ணெய் என்றால் சாய்த்ததும் ஒழுக வேண்டும் என்றுதான் நீங்கள் நினைப்பீர்கள். கல்யாணமாகி முதல் மார்கழி வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. உங்கள் அம்மா காவேரிப்பட்டணத்துப் பக்கத்துப் பெண். ஆற்றோரம் அவர்களுக்குத் தென்னந்தோப்பு உண்டு. தலைத் தீபாவளி முடிந்து நாங்கள் குளிருக்குப் பேர்போன எங்கள் ஊர் தளிக்குத் திரும்பும்போது, மாமனார் தம் தோப்புத் தேங்காயைச் செக்கில் ஆட்டி, பெரிய கண்ணாடி பாட்டில் நிறைய எண்ணெய் கொடுத்தனுப்பினார். எங்கள் வீட்டில் சமையலுக்குக் கடலை எண்ணெய், விளக்குக்கு ஆமணக்கெண்ணெய். தலைக்குத் தடவ மட்டும் என் தாயார் சந்தையில் தேங்காய் எண்ணெய் வாங்குவார். அது இருக்கும்போது இதுவும் வந்ததில் அவருக்குச் சந்தோஷம்தான்.

மாமனார் வீட்டு பாட்டில் அடுப்புக்கு மேலே மாடத்தில் இருந்தது. பொங்கலுக்கு வெள்ளையடிக்கச் சாமான்களை ஒதுக்கியபோது பின்கட்டு ஜன்னலுக்குப் போயிற்று. மறுநாள் காலை உங்கள் அம்மா பாட்டிலைக் கவிழ்த்துக்கொண்டு நின்றாள். ஒரு சொட்டும் வரவில்லை. உள்ளே சுண்ணாம்பு அடைத்தது போல வெள்ளை வெளேரென்று இருந்தது. கொண்டை ஊசியால் குத்தினாள், ஊசிதான் வளைந்தது.

என் தாயார் வந்து பார்த்தார்.

"எண்ணெ எங்கனாச்சும் ஒறையுமாடா? நெய்யி ஒறையும், வனஸ்பதி ஒறையும். ஒங்க மாமனாரு வனஸ்பதியக் கலந்து குடுத்துட்டாருடா!"

"எங்க ஊட்லயும் பனிக்காலத்துல கெட்டியாவும் அத்தே," என்றாள் உங்கள் அம்மா. அதோடு நிறுத்தியிருக்கலாம். "ஆனா இப்பிடிக் கல்லாட்டம் நான் பாத்ததில்ல."

"கேட்டியா? அவளே சொல்றா. பொங்கல் சீரு எடுத்துக்கினு வருவாரில்ல சம்மந்தி, வாசல்லயே நிக்க வெச்சிக் கேக்கறேன். தெருவே கேக்கட்டும்."

என் தாயார் சொன்னால் செய்துவிடுவார். மாமனாரும் லேசான ஆள் இல்லை. தம் தோப்பைப் பற்றி ஒரு சொல் குறைவாகக் கேட்டால், சீர்த்தட்டை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார். பிறகு மகள் வீட்டுப் படி ஏறமாட்டார். அன்று முதல் உங்கள் அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. "ஏங்க, எங்கப்பா வர்றதுக்குள்ள எதனா பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாள்.

எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். பாட்டிலை வெயிலில் வைத்தேன். உச்சிப்பொழுதுக்குள் ஓரமெல்லாம் உருகி, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டி மிதந்து, அதுவும் கரைந்து பன்னீர் மாதிரி தெளிந்துவிட்டது. பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன்.

"வனஸ்பதியும் வெயில்ல உருகுமே. போடா, பெரிய டாக்டரு!" என்றார் என் தாயார். அவர் சொன்னதும் சரிதான்.

உங்கள் அம்மாதான் மெதுவாக வாயைத் திறந்தாள். "அத்தே, ஒங்க கையாலயே தேங்கா எண்ணெ காச்சுங்க. அது ஒறையலன்னா, எங்கப்பாவ நீங்க என்ன வேணா கேளுங்க."

அவள் அப்படிச் சொன்னதும் வேண்டாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். என் தாயாரோ உடனே தயார். சந்தையில் ஆனேக்கல் பக்கத்துத் தேங்காயை அவரே தட்டிப் பார்த்து வாங்கினார். யாரையும் தொடவிடாமல் துருவி, பால் பிழிந்து, கசடு சிவந்து எண்ணெய் பிரியும்வரை காய்ச்சி, துணியில் வடித்தார். கிண்ணத்தில் ஊற்றிப் பின்கட்டு ஜன்னலில் மாமனாரின் பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். சந்தையில் வாங்கிய எண்ணெயையும் கொண்டுவந்து அருகில் வைத்து, "நல்ல எண்ணெ எப்பிடி இருக்கும்னு காலையில பாருங்க" என்றார்.

அந்த வாரம் தளியில் பனி பிடிவாதமாகக் கொட்டியது. விடிந்ததும் மூவரும் ஜன்னலுக்குப் போனோம். மாமனாரின் எண்ணெய் மறுபடி கல். என் தாயார் காய்ச்சியதும் கல். நடுவில் லேசாகக் குழி விழுந்து உறைந்திருந்தது. சந்தை எண்ணெய் மட்டும் தளதளவென்று ஆடியது. அடியில் மாவு கரைத்தது போலக் கொஞ்சம் வெண்கலங்கல், அவ்வளவுதான்.

என் தாயார் தம் கிண்ணத்தை விரலால் அழுத்தினார். விரல் பதியவில்லை. சந்தை பாட்டிலை எடுத்து மோந்து பார்த்தார். "அடப்பாவி! இத்தன வருசமா கடலெண்ணெயவாடா தலைக்கு ஊத்திக்கினு இருந்தேன்?"

உங்கள் அம்மா சிரிக்கவில்லை. சிரித்தால் ஆபத்து என்று அவளுக்குத் தெரியும். நான்தான் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

பிறகு அங்கே இங்கே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். ஒவ்வொரு எண்ணெயும் உறைவதற்கு ஒரு குளிர் உண்டு. தேங்காய் எண்ணெய்க்கு நம் மார்கழிக் குளிரே தாராளம். கடலை எண்ணெய் உறைய அதைவிட மிக அதிகக் குளிர் வேண்டும். அதே ஜன்னலில் செம்புத் தண்ணீரும் இருந்தது. அது உறையவே இல்லை. தண்ணீர் உறையாத குளிரில் எண்ணெய் கல்லாகிறது, பாருங்கள்! உறையும்போது எண்ணெயின் துகள்கள் வரிசை கட்டி நெருங்கி உட்காருகின்றன. அதனால்தான் நடுவில் குழி. கடலை எண்ணெயை நிறையக் கலந்தால் அது இடையிடையே புகுந்து வரிசையைக் கட்டவிடாது. சந்தை பாட்டிலின் அடியில் கலங்கியதே, அந்தக் கொஞ்சம்தான் அதிலிருந்த தேங்காய். உறைந்ததைச் சந்தேகப்பட்டோம், உறையாததைத்தான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஆனால் எல்லாக் கலப்படத்துக்கும் இந்தச் சோதனை போதாது. வனஸ்பதியைக் கலந்திருந்தால் அதுவும் உறைந்துதான் இருக்கும். அன்று எங்களைக் காப்பாற்றியது, என் தாயார் தம் கையால் காய்ச்சிய எண்ணெயும் உறைந்ததுதான்.

மாமனார் சீரோடு வந்தார். கரும்பை வாசலில் சாய்த்துவிட்டு அவர் நிமிரும் முன் என் தாயார் வெளியே போய்விட்டார். எதிர்வீட்டுக் கன்னடத்து அம்மாள் கோலத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார். உங்கள் அம்மா கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சம்மந்தி, ஒங்கள ஒண்ணு கேக்கணும்!"

"கேளுங்கம்மா," என்றார் மாமனார், ஒன்றும் புரியாமல்.

"அவ்ளோ நல்ல எண்ணெய இத்துனூண்டு வாயிருக்கற பாட்டில்லயா ஊத்திக் குடுப்பாங்க? பனிக்காலத்துல எப்பிடி எடுக்கறதாம்? அடுத்த தடவ அகல வாயா ஒரு ஜாடியில கொண்டாங்க. எனக்குந்தான்."

தாழ்ப்பாளை விட்டுவிட்டு, உங்கள் அம்மா தண்ணீர்ச் செம்போடு வாசலுக்கு வந்தாள். "வாங்கப்பா" என்றாள்.