பதினேழாம் இலக்க அட்டையும் அம்பிட்டியவின் இடக்கைக்காரரும்

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை கண்டிக்குப் போனேன். தலதா மாளிகைக்கோ பூங்காவுக்கோ அல்ல, ஒரேயொரு கிரிக்கெட் அட்டைக்காக. என்னைப்போல அட்டை சேர்க்கும் உங்களில் பலர் அதே அட்டையைத் தேடி அங்கே போகத் திட்டமிடுகிறீர்கள் என்று தெரியும். அதனால்தான் நேரம், தூரம், செலவு எல்லாவற்றையும் எழுதுகிறேன். இதைக் கோபத்தோடு எழுதுகிறேன் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எழுதி முடித்தாலாவது குறைகிறதா பார்ப்போம்.

புதிதாக வாசிப்பவர்களுக்குச் சின்ன விளக்கம். நான் வவுனியாவில் ஒரு இரத்தப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். வயது நாற்பத்தொன்று. செல்லையா மதுவந்தன் என்ற இடக்கை வேகப்பந்து வீச்சாளரின் அட்டைகளைச் சேர்க்கிறேன். அவர் கண்டியில் ஒரு இரண்டாந்தரக் கழகத்துக்கு விளையாடியவர். மூன்று வருடங்களுக்கு முன்னர் அந்தக் கழகம் எங்கள் ஊருக்கு வந்தபோது அவர் வீசிய ஒரு ஓவரைப் பார்த்தேன். ஐந்தாவது பந்தில் நடு விக்கெட் பிடுங்கிக்கொண்டு பறந்தது. மற்றவர்கள் ஓடிவந்து கட்டிப்பிடிக்க, அவர் அவர்களை விலக்கிக்கொண்டு போய் அந்த விக்கெட்டை எடுத்துவந்து நட்டு, மண்ணைக் காலால் மிதித்து இறுக்கிவிட்டுத்தான் சிரித்தார். அன்றே எனக்குப் பிடித்துவிட்டது.

அலவத்துகொடவில் உள்ள ஒரு பேக்கரி, தன் ரஸ்க் பக்கற்றுகளுக்குள் அந்தக் கழக வீரர்களின் அட்டைகளை இரண்டு வருடம் போட்டது. முதல் வருடத்தில் மதுவந்தனின் அட்டை ஒன்பதாம் இலக்கம். அதில் என்னிடம் ஆறு பிரதிகள் இருக்கின்றன. இரண்டாம் வருடத்தில்தான் அந்தப் பிரபலமான பதினேழாம் இலக்கம் வந்தது. படத்தில் இருப்பவர் மதுவந்தன். இடக்கை உயர்ந்திருக்கிறது, பந்து விரல் நுனியில் இருக்கிறது. கீழே அச்சிட்ட பெயரோ கிரிதரன். கிரிதரன் வலக்கையால் வீசுபவர். மதுவந்தனின் பெயர் அந்த வருடத் தொகுதியில் எங்கேயுமே இல்லை.

பிழையான அட்டைக்குத்தானே எப்போதும் மவுசு. ‘இடக்கைப் பிழை’ என்று பெயர் வைத்து, விழுந்து விழுந்து சிரித்து ஒரு பதிவு போன வருடம் இந்த வலைப்பூவில் வந்தது. எழுதியது நான்தான். அதன் பிறகு விலை ஏறியது. அந்த அட்டை மட்டும் என்னிடம் இல்லை.

வவுனியாவில் காலை 5.15 பேருந்து. கட்டணம் 720 ரூபாய். கண்டி குட்செட் பேருந்து நிலையத்தில் 10.40க்கு இறங்கினேன். தம்புள்ளையில் இருபது நிமிடம் நிற்பாட்டுவார்கள், தேநீர் குடிக்கலாம், சாப்பாடு வேண்டாம். குட்செட்டிலிருந்து சந்தைப் பக்கமாகப் பத்து நிமிடம் நடந்தால் அட்டை விற்கிறவரின் கடை. இரும்புச் சாமான் கடை. அவர்தான் அந்தக் கழகத்தின் செயலாளரும். கழகத்துக்கென்று பேக்கரி கொடுத்த மிச்ச அட்டைகளை அவர் ஒரு சப்பாத்துப் பெட்டியில் வைத்து விற்கிறார். பெயரை எழுதவில்லை. கழகத்தின் பெயரையும் எழுதவில்லை.

“வாங்க மிஸ், உக்காருங்க. வவுனியாவுல இருந்தா? பாருங்க, நம்ம அட்டைக்கு எங்கேருந்தெல்லாம் வாறாங்க,” என்று கதிரையைத் துடைத்துப் போட்டார். தொலைபேசியில் நாலாயிரம் என்றவர், பெட்டியைத் திறந்ததும் ஆறாயிரத்து ஐந்நூறு என்றார்.

“நீங்கள் நாலாயிரம் எண்டுதானே சொன்னீங்கள்?”

“அது போன கெழம மிஸ். பிழையான அட்டைன்னா சும்மாவா? தங்கம் மாதிரி.”

ஐந்தரை மணித்தியாலம் பேருந்தில் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப மனம் வரவில்லை. வாங்கினேன். அன்றைய முதல் எரிச்சல் அது. அதற்குப் பிறகு நடந்ததைப் பார்த்தால் அதை எரிச்சல் என்று சொல்லவே கூடாது.

மதுவந்தனின் கையெழுத்தையும் அந்த அட்டையிலேயே வாங்கவேண்டும் என்று நினைத்தேன். சனிக்கிழமைகளில் அம்பிட்டியவில் ஒரு பொது மைதானத்தில் பகல் ஒன்றரை மணிக்குப் பயிற்சி இருக்கும் என்று விசாரித்து வைத்திருந்தேன். சாப்பிட்டுவிட்டு 1.20க்கு முச்சக்கரவண்டி பிடித்தேன். ஐந்து கிலோமீற்றர், 600 ரூபாய். வழி முழுக்க ஏற்றமும் வளைவும். எதற்காகப் போகிறேன் என்று சாரதி கேட்டார். அட்டை ஒன்றில் கையெழுத்து வாங்க என்றேன்.

“அட்டையா? இங்க மழ பேஞ்சா காசே இல்லாம காலுல ஏறுமே,” என்று சொல்லிவிட்டு மைதானம் வரும்வரை தானே சிரித்துக்கொண்டு வந்தார்.

மைதானத்தில் பத்துப் பன்னிரண்டு பேர்தான் இருந்தார்கள். மதுவந்தன் எல்லைக்கோட்டுக்கு அருகே சப்பாத்து நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு வயது. படத்தில் தெரிவதைவிட மெலிந்த உடம்பு. நான் யார் என்று சொல்லி, அட்டையையும் பேனையையும் நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். பேனையின் மூடியைக் கழற்றவில்லை.

“அக்கா, இதுல நான் யாரு பேர எழுதுறது? என் பேரையா, இதுல போட்டிருக்கிற பேரையா?”

பகிடி என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“வவுனியான்னு சொன்னீங்களே, இதப் பத்தி எழுதுன அக்காவா நீங்க? கிரி போன்ல காட்டுனான். நல்லாச் சிரிச்சு எழுதியிருந்தீங்க.”

குரலில் கோபம் இல்லை. அதுதான் தாங்கமுடியாமல் இருந்தது. அவர் பக்கத்தில் என்னையும் உட்காரச் சொன்னார். அங்கே கேட்டதை அப்படியே எழுதுகிறேன்.

எட்டு மாதங்களுக்கு முன்னர் கொழும்பில் முதல்தரக் கழகம் ஒன்றின் பயிற்சியாளர் கண்டிக்கு வந்து ஒரு போட்டியைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். இடக்கைக்காரரைப் பிடித்துப்போயிருக்கிறது. பெயர் தெரியாது. தேநீர்க் கடையில் யாரோ ரஸ்க் பக்கற்றிலிருந்து வந்த அட்டையைக் காட்டியிருக்கிறார்கள். படம் சரிதான் என்று பார்த்துக் கீழே இருந்த பெயரைக் குறித்துக்கொண்டு போய்விட்டார். ‘இடக்கை வேகப்பந்து வீச்சாளர் கிரிதரனைத் தேர்வுக்கு அனுப்பவும்’ என்று செயலாளருக்குக் கடிதம் வந்தது. கிரிதரன் செயலாளரின் தங்கை மகன். மருமகனிடம் கடிதத்தைக் காட்டாமல், “ஒனக்குக் கூப்பிட்டிருக்காங்க, போ” என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார் செயலாளர்.

கிரிதரன் போய் வலக்கையால் இரண்டு பந்து வீசியிருக்கிறார். அதற்குள் நிறுத்திவிட்டு, இடக்கைக்காரர் எங்கே என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டிருக்கிறார்கள்.

“கிரி மேல தப்பில்லக்கா,” என்றார் மதுவந்தன். “அவன்தான் மாமா மேசையில இருந்து அந்தக் கடிதத்த எடுத்துக்கொண்டு வந்து எனக்குக் குடுத்தான். அழுதுட்டான்.”

கடிதம் அவருடைய பையிலேயே இருந்தது. நாலாக மடித்து, மடிப்புகள் நைந்துபோயிருந்தன. தலைப்பில் தொலைபேசி இலக்கமும் இருந்தது.

“ஏன் தம்பி, நீங்கள் ஒருக்காக் கூட போன் எடுத்துக் கேக்கேல்லையோ?”

“நான் செயலாளர் சேரு கடை ஸ்டோர்லதானே வேல செய்றேன். கேட்டா வேலயும் போயிரும். அதோட நம்ம யாருன்னு சொல்லிப் பேசுறது? பேரே அதுல இல்லியே.”

எட்டு மாதம்! அந்த எட்டு மாதத்துக்குள்தான் நான் அவருடைய அட்டையை வைத்துப் பகிடிப் பதிவு எழுதியிருக்கிறேன். அங்கேயே என் தொலைபேசியை எடுத்து அந்த இலக்கத்துக்கு அழைத்தேன். மூன்றாவது தடவை பயிற்சியாளரே எடுத்தார். விளக்கிச் சொல்ல ஐந்து நிமிடம் போனது. தாங்கள் தேடிய ஆளைக் கழகம் அனுப்ப விரும்பவில்லை என்று நினைத்து விட்டுவிட்டாராம். வலைப்பயிற்சிக்கு எந்தத் திங்கட்கிழமையும் வரலாம், ஆனால் கழகத்தில் சேர்க்க வேண்டுமென்றால் பழைய கழகத்தின் விடுவிப்புக் கடிதம் வேண்டும் என்றார். அதில் கையெழுத்து வைக்கவேண்டியவர் அதே செயலாளர்.

அச்சுப் பிழை என்று அவர் தப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும். எனவே பேக்கரிக்குப் போனேன். மதுவந்தனையும் அதே மைதானத்தில் நின்ற கிரிதரனையும் பயிற்சி முடிந்து ஆறரைக்குக் கடைக்கு வரச் சொல்லிவிட்டு, 3.10க்குப் பேருந்தில் கண்டி, அங்கிருந்து மாத்தளைப் பேருந்தில் அலவத்துகொட. பதினெட்டு கிலோமீற்றர்தான், ஆனால் கட்டுகஸ்தோட்டையிலும் அக்குறணையிலும் நெரிசல். ஒரு மணித்தியாலம் பிடித்தது. கட்டணம் 96 ரூபாய். ரஸ்க் மணம் பிரதான வீதிக்கே வரும், பேக்கரியைத் தேடவேண்டியதில்லை.

உரிமையாளரை எல்லோரும் ஹாஜியார் என்கிறார்கள். மாவு படிந்த கையைத் துடைத்துக்கொண்டு வந்து அட்டையைப் பார்த்தார்.

“பிழையா? எங்கட பிழை இல்ல மகள். கழகச் செயலாளரு அனுப்பின பேரத்தான் நாங்க போட்டது. கேட்டும் பார்த்தேனே, மெசேஜ் இன்னும் என்ட போன்ல ஈக்கிது.”

தேடி எடுத்துக் காட்டினார். ஹாஜியார் கேட்டிருக்கிறார்: பதினேழாவது படத்தில் இருப்பவர் இடக்கைக்காரர், கிரிதரன் வலக்கை இல்லையா, படம் மாறிவிட்டதா? செயலாளரின் பதில் ஒரே வரி: ‘பரவாயில்லை, அப்படியே போடுங்க.’

“எனக்கு அந்தப் புள்ளயள நேர்ல தெரியா, முதல் வருச அட்டையில பார்த்ததுதான். கழகம் சொல்லுதேன்னு போட்டேன். இப்பிடி ஒரு காரியம் நடந்திருக்குன்னா போடுவனா?” என்றார். கேட்காமலேயே அந்த உரையாடலைப் படமெடுத்து எனக்கு அனுப்பினார். இரண்டு பக்கற் ரஸ்க்கும் தந்தார். காசு வாங்கவில்லை.

கடைக்கு 6.35க்கு வந்துசேர்ந்தேன். இருவரும் வாசலில் நின்றார்கள். உள்ளே போனோம். நான் தொலைபேசியைச் செயலாளரின் முன்னால் வைத்தேன். அவர் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி வாசித்தார்.

“அது... கிரியோட படம் மங்கலா இருந்திச்சு மிஸ். வெளிய அனுப்ப ஏலாது. பேரு மட்டும் நம்ம வீட்டுப் பயலுடையதா இருக்கட்டுமேன்னு. சின்ன விசயம்.”

“கடிதம் வந்ததும் சின்ன விசயமோ? அதில இடக்கை எண்டு எழுதிக் கிடந்ததே! வாசிச்சுப்போட்டுத்தானே இவரை ஸ்டோரில மூட்டை தூக்க விட்டீங்கள்?” நான் கத்தினேன் என்றுதான் சொல்லவேண்டும். சாமான் வாங்க வந்த இருவர் ஆணிப் பெட்டியை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

“தேயிலத் தோட்டத்துப் பயலக் கொழும்புக்கு அனுப்பி அவன் அங்க என்ன பண்ணுவான்? நான் வேல குடுத்திருக்கேன்ல?”

கிரிதரன் மேசையைச் சுற்றிப் போய் அந்தச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தார். பதினேழாம் இலக்க அட்டைகளை எடுத்து அடுக்கினார். கணக்குப் புத்தகத்தின் மேல் கிடந்த நீலப் பேனையை எடுத்து முதல் அட்டையில் தன் பெயரை அழுத்தி வெட்டினார். கீழே ‘செ. மதுவந்தன்’ என்று எழுதினார். அடுத்த அட்டையை எடுத்தார்.

“டேய், என்னடா பண்ற? வெல போயிரும்டா! ஒன்னு ஆறாயிரம்டா!”

“போகட்டும் மாமா. அங்க அத்தன பேருக்கு முன்னால நான்தானே நின்னேன். நீங்க நிக்கல.”

செயலாளர் கையைப் பிடிக்கப் போனார். கிரிதரன் பெட்டியோடு தள்ளி நின்று எழுதிக்கொண்டே இருந்தார். ஒரு மனிதனின் எட்டு மாதம் போனதற்கு வராத பதற்றம் அட்டைக்கு வந்ததே, அதைத்தான் என்னால் இன்றுவரை மறக்கமுடியவில்லை. என் கையில் இருந்த அட்டையையும் கிரிதரனிடம் நீட்டினேன். அதையும் வெட்டி எழுதினார்.

கடைசியில் மதுவந்தன் பேசினார். சத்தம் போடவில்லை. “சேர், எனக்கு அட்ட ஒன்னும் வேணாம். விடுற கடிதம் மட்டும் எழுதிக் குடுங்க.”

“கமிட்டி கூடணும். பாப்போம். நீ திங்கக்கெழம ஸ்டோருக்கு வராத.”

“சரிங்க சேர்,” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தார். நாங்களும் வந்தோம்.

இது நடந்து ஐந்து வாரம் ஆகிறது. விடுவிப்புக் கடிதம் இன்னும் வரவில்லை. கிரிதரன் கழகத்திலிருந்து விலகிவிட்டார், மாமாவின் வீட்டுக்கும் போவதில்லை. மதுவந்தன் இப்போது ஒரு டயர் கடையில் வேலை செய்கிறார். மூன்று திங்கட்கிழமைகள் விடுப்பு எடுத்துக் கொழும்புக்குப் போய் வலையில் வீசியிருக்கிறார். கடிதம் கிடைத்தால் அடுத்த பருவத்தில் பார்க்கலாம் என்று பயிற்சியாளர் சொல்லியிருக்கிறாராம். பார்க்கலாம் என்றால் எடுப்போம் என்று அர்த்தமில்லை. வேகப்பந்து வீசுகிற ஒருவருக்கு இருபத்திரண்டு வயதில் எட்டு மாதம் என்பது எவ்வளவு என்று கிரிக்கெட் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இருவரிடமும் கேட்டு, சம்மதம் வாங்கித்தான் இதை எழுதுகிறேன். என் பழைய பதிவை நீக்கவில்லை. அதன் மேலே, இது பிழையல்ல, தெரிந்து செய்தது என்று எழுதி வைத்திருக்கிறேன். நான் சிரித்ததும் அங்கேயே இருக்கட்டும்.

இனிக் கண்டிக்குப் போகிறவர்களுக்கு. பெயர் வெட்டாத பதினேழாம் இலக்கம் எங்கேயாவது கிடைத்தால் தயவுசெய்து வாங்காதீர்கள். அந்தக் காசு போக்குவரத்துச் செலவுக்கே தாராளமாகப் போதும். சனிக்கிழமை போங்கள். நகரிலிருந்து அம்பிட்டியவுக்குப் பேருந்து இருபது, இருபத்தைந்து நிமிடம். முச்சக்கரவண்டியென்றால் ஏறமுன் விலை பேசுங்கள். குடை கட்டாயம். காலில் உப்புத் தண்ணீர் தடவிக்கொள்வதும் நல்லது, காலில் ஏறும் அட்டை பற்றிச் சாரதி சொன்னது பொய்யில்லை. கழகம் இல்லாவிட்டாலும் அவரும் கிரிதரனும் ஒன்றரை மணிக்கு அதே மைதானத்துக்கு வருகிறார்கள். ஒருவர் வீச மற்றவர் மட்டை பிடிக்கிறார். அனுமதிச் சீட்டு இல்லை, வேலியோரம் நின்றே பார்க்கலாம். மேட்டுப் பக்கத்திலிருந்து ஓடிவந்து இடக்கையால் வீசுபவர்தான் செல்லையா மதுவந்தன்.