முன்பக்கத்துச் சின்னப் பாய்

எம்பிலிப்பிட்டியவுக்குப் பக்கத்துக் குளத்தில் நானும் என் வீட்டுக்காரரும் மீன் பிடிக்கிறோம். நான் இரத்தினபுரிப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பிறந்தவள். கல்யாணம் கட்டி வரும்வரை ஆற்றைத் தவிர வேறு தண்ணீர் தெரியாது. இப்போது வலை இழுப்பதும் பாய் பிடிப்பதும் என் வேலை. பின்னால் உட்கார்ந்து துடுப்பால் வள்ளத்தைத் திருப்புவது அவர் வேலை. எங்களுடையது ஒடுங்கின வள்ளம். சாயாமல் இருக்க இடது பக்கத்தில் ஒரு மிதப்புக் கட்டை கட்டியிருக்கும். அது தண்ணீருக்குள் போய்விட்டால் எல்லாரும் தண்ணீருக்குள்தான்.

ஆடி மாதத்தில் காலையில் குளம் அசையாமல் கிடக்கும். அந்த நேரத்திலேயே துடுப்புப் போட்டு அக்கரைக்குப் போய்விடுவோம். வெயில் ஏறினதும் மேற்கிலிருந்து காற்று கிளம்பும். அது முதுகில் தள்ள, பாய் விரித்துத் திரும்புவோம். எங்களிடம் இரண்டு பாய் உண்டு. பெரியது நீலத் தார்ப்பாய்ப் படங்கு. அதை வள்ளத்தின் நடுவில் நட்டுக் கட்டுவோம். சின்னது மாவுச் சாக்கைப் பிரித்து நான் தைத்தது. அதன் கம்பை வள்ளத்தின் முன்மூக்கில் உள்ள துளையில் நட வேண்டும். மெதுவாகத்தான் இழுக்கும் என்பதால் அதை அவ்வளவாக எடுப்பதில்லை.

ஒரு வருஷம் என் தங்கச்சி எங்களோடு இருந்தாள். அவளைப் பெண் பார்க்க, ஆடி என்றும் பாராமல், கரவனெல்லப் பக்கத்திலிருந்து ஒருநாள் மத்தியானம் ஆள் வருவதாக ஏற்பாடு. முந்தின நாள் போட்ட வலை தண்ணீரில் கிடந்தது. விட்டால் மீன் அழுகிவிடும். எடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினோம். வலையில் திலாப்பியா நிறைய மாட்டியிருந்ததால் கழற்றி முடிக்கும் முன்பே காற்று பிடித்துக்கொண்டது.

“பெரிய பாயப் போடு. சீக்கிரம் போயிடலாம்,” என்றார்.

“காத்து பலமா இருக்குங்களே.”

“பின்னாலருந்துதானே அடிக்குது. எதிர்க்காத்தா இருந்தாத்தான் கஷ்டம்.”

எனக்கும் அவசரம்தான். போட்டு, அதன் கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டேன். காற்றோடு போகும்போது அதன் பலம் உடம்புக்குத் தெரியாது. காதில் இரைச்சல் அடங்கி, முகத்தில் ஒன்றும் அடிக்காமல், குளமே அமைதியாகிவிட்ட மாதிரி இருக்கும். கரை வேகமாகக் கிட்ட வந்தது. இன்னும் நல்ல நேரம் இருக்கிறது, குளித்துவிட்டுச் சேலை மாற்றலாம் என்று நினைத்தேன்.

நடுக்குளத்தில் ஒரு அலை பின்பக்கத்தைத் தூக்கியது. மூக்கு தண்ணீரில் குத்தி, வள்ளம் வலது பக்கம் திரும்பியது. காற்று பாயின் பக்கவாட்டில் அறைந்தது. மிதப்புக் கட்டை காணாமல் போய்விட்டது.

“கயித்த விடு! விடு!” என்று அவர் கத்தினார்.

விட்டேன். பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, கட்டை மேலே வந்தது. ஆனால் வள்ளத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர். தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருந்த ஒரு பெரியவர், “நங்கி, ருவல பான்ன!” என்று சிங்களத்தில் என்னைக் கூப்பிட்டார். ‘தங்கச்சி, பாயை இறக்கு’ என்கிறார். இரண்டு கையாலும் இழுத்து இறக்கினேன்.

“பாயே வேணாம். துடுப்புப் போட்டுப் போவோம்,” என்றார் வீட்டுக்காரர்.

பாய் இல்லாமல் வள்ளம் கட்டை மாதிரி கிடந்தது. ஒவ்வொரு அலையும் எங்களைப் பிடித்து, அவர் முதுகுக்கு மேலாக உள்ளே ஊற்றியது. நான் இறைத்ததைவிட வந்தது அதிகம்.

“அலை நம்மள முந்திக்கிட்டு வருதுங்க. சின்னப் பாய முன்னால நடுறேன்.”

அவர் துடுப்பை அழுத்திப் பிடித்துக்கொண்டார். “சரி, நட்டுப் பாரு. குனிஞ்சே போ.”

மீனுக்கு மேலேயே தவழ்ந்து போய் நட்டேன். சாக்குப் பாய் உப்பினதும் வள்ளம் நேரானது. பெரிய பாய் நடுவிலிருந்து தள்ளியபோது பின்பக்கம் முன்னே வரப் பார்த்தது. இது மூக்கைப் பிடித்து இழுத்தது, பின்பக்கம் தன்பாட்டில் பின்னாலேயே வந்தது. அலையோடு சேர்ந்து ஓடினோம்.

“இப்ப துடுப்பு சொன்னபடி கேக்குது,” என்றார். கரை வரும்வரை நான் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருந்தேன்.

பெண் பார்க்க வந்தவர்கள் நேரத்தோடேயே வந்து, எல்லாவற்றையும் கரையில் நின்று பார்த்திருக்கிறார்கள். தங்கச்சி அழுதுகொண்டிருந்தாள். மாப்பிள்ளையின் அம்மா அவள் தோளைப் பிடித்திருந்தார். மாப்பிள்ளை புதுக் காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி வள்ளத்தைப் பிடித்து இழுத்தார்.

“பொண்ணு பாக்க வந்த எடத்துல இப்படியா பயங்காட்டுவீங்க?” என்று அந்த அம்மா என்னைத்தான் கேட்டார். எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

அன்று எல்லாருக்கும் மீன் குழம்பு. அவர்கள் போன பிறகு, “என்ன சொல்ற?” என்று தங்கச்சியைக் கேட்டேன்.

“அவருக்கு நீச்சலே தெரியாதாம் அக்கா. அவங்கம்மா சொன்னாங்க,” என்றாள். சம்மதம் என்பதை அவள் சொன்னது அப்படித்தான். தைப் பொங்கல் கழிந்து கல்யாணம் நடந்தது.

இப்போதெல்லாம் ஆடிக் காற்றில் அக்கரையிலிருந்து கிளம்பும் முன்பே சின்னப் பாயை நட்டுவிடுகிறோம். காற்று குறைந்தால் வழியில் பெரியதை ஏற்றிக்கொள்ளலாம். காற்று கூடின பிறகு அதை இறக்குவதுதான் பாடு. மெதுவாகப் போகிறது என்று அவர் இன்னும் முணுமுணுக்கிறார். நான் கண்டுகொள்வதில்லை.