பச்சைக்கு ஒரு பாடு

எண்பதுகளின் நடுவில் நான் சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வாயு லேசர் செய்துகொண்டிருந்தேன். வீடு பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில். பொன்னேரி வரை பஸ், அப்புறம் ரயில். வீட்டைப் பூட்டினேனா என்று மீஞ்சூர் வரை கவலைப்படுவேன். மீஞ்சூரைத் தாண்டினால் லேசர் கவலை.

ஹீலியமும் நியானும் அடைத்த குழாயில் மின்சாரம் பாய்ச்சி, இரு முனையிலும் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஆடிகளை வைத்தால் சிவப்பு ஒளிக்கற்றை வரும். அதைப் பலரும் செய்தார்கள். அதே நியானில் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை ஒளிகளும் உண்டு. நாலும் ஒரே குழாயிலிருந்து ஒரே சமயத்தில் வரவேண்டும் என்பது என் வடிவமைப்பு. பத்து மாதத்தில் ஒன்பது ஜோடி ஆடிகள் செய்தேன். ஒவ்வொன்றிலும் இருபத்தொரு பூச்சு. வந்தது சிவப்பு மட்டும்.

"மாசக் கடைசிக்குள்ள பச்சை வரலைன்னா குழாயை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன் சார்" என்றார் மேலதிகாரி. பதினெட்டு நாள் இருந்தது.

ஊரில் எனக்கு இன்னொரு வேலை, பாடு எழுதுவது. ஏரியில் மீன் நன்றாக விழும் இடங்களில் யார் எந்த நாள் வலை போடலாம் என்ற முறைக்குத்தான் பாடு என்று பெயர். எல்லோருக்கும் சமம் என்பது எனக்குள் ஊறிப்போயிருந்ததால் ஆடியையும் அப்படியே செய்திருந்தேன். நாலு நிறத்தையும் ஒரே அளவு திருப்பி அனுப்பும் ஆடி. வேறு ஊர்க்காரன் அப்படிச் செய்திருக்க மாட்டான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தான். புதிதாக இரண்டாவது படகு வாங்கியிருந்தான்.

"என் பேரை ரெண்டு வாட்டி எழுதுடா. ரெண்டு படகு கீதுல்ல?"

"எத்தினி படகு வச்சாலும் ஒரு பேருதாண்ணா."

"இன்னாடா, கூடப் பொறந்தவன்னுகூட பாக்க மாட்டியா?"

"நீ ரெண்டு படகோட எறங்கினா ஒத்தைப் படகுக்காரனுக்கு இன்னா மிஞ்சும்? பாசிதான்."

"பெரிய கலெக்டரு! உன் லைட்டு எரியாமலே போவட்டும்."

அவன் போன பிறகும் நான் பேனாவைத் தொடவில்லை; அவனிடம் சொன்னதை லேசருக்கும் வைத்துப் பார்த்தேன். நாலு நிறமும் நியானில் சேரும் ஒரே ஆற்றல் இருப்பிலிருந்துதான் எடுக்கின்றன. பச்சையின் வலு சிவப்பில் இருபதில் ஒரு பங்கு. சமமாக விட்டால் சிவப்பே மொத்தத்தையும் அள்ளிவிடும். வலுத்தவனைப் பிடித்து நிறுத்துவதால்தான் பாடு முறையில் சமம் வருகிறது. வருடக்கணக்காக அதை எழுதிவந்தவன் நான்.

பத்தாவது ஜோடியில், சிவப்பு நிறையக் கசியும்படியும் பச்சை அநேகமாகக் கசியாதபடியும் பூச்சுகளின் கனத்தை மாற்றினேன். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும் அதே இருப்பிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தது. அதை அடக்கக் குழாய் நெடுக இருபத்து நாலு காந்தங்கள் ஒட்டினேன். கெடுவுக்கு இரண்டு நாள் முன்பு, முப்பட்டகத்தின் வழியே வந்த ஒளி வெள்ளைச் சுவரில் புள்ளிகளாக விழுந்தது. சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. ஏழு முறை எண்ணினேன். மேலதிகாரி ஒரு முறை எண்ணிவிட்டுக் கை கொடுத்தார். குழாய் என்னிடமே இருந்தது. அதற்கு முன்போ பின்போ நான் அவ்வளவு நிமிர்ந்து நடந்ததில்லை.

அண்ணனிடம் சொன்னேன்.

"அப்ப என் சாபம் பலிக்கலியா?"

"நீ சண்டை போட்டதாலதாண்ணா வந்துது."

"அப்பிடின்னா ரெண்டு வாட்டி எழுது."

ஒரு முறைதான் எழுதினேன். தவறி இரண்டு முறை எழுதிவிட்டேனோ என்று இன்றைக்கும் அந்தப் பாடு நோட்டை எடுத்துப் பார்ப்பதுண்டு.