சீரில் வைத்த கம்ப்யூட்டர்

என் தம்பி சேதுபதி நல்லவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் மீதியைக் கேட்டால் உங்களுக்கு அவன் மேல் கோபம் வரும். எனக்கும் வருகிறது. நல்லவர்கள் கெடுத்துவைக்கிற காரியத்துக்கு யாரையும் வாய்விட்டுத் திட்ட முடிவதில்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

ஆத்தங்குடித் தரைக்கல்லை வண்டியில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோய் இறக்குவது அவன் பிழைப்பு. காரைக்குடியில் வீடு. பெண்டாட்டி சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டாள். என் வீட்டுக்காரரும் இறந்தபிறகு நான் பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்து, அவன் ஒரே மகள் ரோகிணியை வளர்த்தேன். நான் சொல்லப்போவது அவள் கதையை.

மருந்து மொத்தக் கடையில் பில் போடும் வேலை அவளுக்கு. தெருவில் குனிந்த தலை நிமிராமல் போவாள். சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் வேறு ஆள். துப்பாக்கியால் சுடுகிற விளையாட்டு. மதுரை, கோயம்புத்தூர் என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு ஐந்து பேர் ஒரு அணி. காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, “மாடிப்படியில ஆள் இருக்கான், அங்குட்டுப் போகாத” என்று இவள் அதட்டுவாள். நாலு தடியன்கள் “சரிக்கா, சரிக்கா” என்பார்கள். வெங்காயம் உரிக்கிற சாக்கில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என் ஆயுளில் நான் சொல்லி நாலு ஆண்பிள்ளைகள் கேட்டதில்லை. இவள் சொல்லிக் கேட்டார்கள். எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது.

அந்தக் கம்ப்யூட்டர் ஏதோ ஓர் ஆடிட்டர் ஆபீசில் கழித்துப் போட்டது. வந்த புதிதில், அதை ஆன் பண்ணிவிட்டு உலை வைத்தால் சோறு வெந்தபிறகுதான் திரையில் படம் வரும். ரோகிணி அதை விடவில்லை. முதலில் எஸ்.எஸ்.டி. என்று ஒன்றை மாட்டினாள், உடனே திறக்க ஆரம்பித்தது. பிறகு ரேம் போட்டாள். பிறகு கிராபிக்ஸ் கார்டு, விளையாட்டில் படம் திக்காமல் ஓடுவது அதன் கையில்தான் இருக்கிறதாம். மதுரையில் யாரோ ஆடிப் பழசாக்கி விற்றதை வாங்கி வந்தாள். அதற்குக் கரண்டு பற்றவில்லை என்று பவர் சப்ளையையும் மாற்றினாள். கார்டு நீளம், டப்பா சின்னது. வெல்டிங் பட்டறையில் கொடுத்து உள்தகட்டை வெட்டிக்கொண்டு வந்தாள். கார்டின் மூலையில் பிளாஸ்டிக் உடைந்திருந்தது. அதை ஒட்டி, ஒட்டின இடம் தெரியாமலிருக்கத் தன் சிவப்பு நகப்பூச்சைத் தடவி வைத்தாள். சூடு தாங்காதென்று பக்கத்து மூடியைக் கழற்றியே விட்டாள். சித்திரை வெயிலில் வீட்டிலிருந்த ஒரே டேபிள் ஃபேன் அந்த டப்பாவைப் பார்த்துத்தான் சுற்றும். நாங்கள் விசிறியால் வீசிக்கொண்டோம்.

ஒரு தீபாவளிச் சேலை ரேம் ஆனது, இன்னொன்று பவர் சப்ளை ஆனது. இத்தனையும் டப்பாவுக்கு உள்ளே. வெளியே அது பழைய இரும்புக்கடைச் சாமான் மாதிரி நசுங்கி, அழுக்கேறி நின்றது.

திருக்கோஷ்டியூர்ப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை முத்தரசு பெண் பார்க்க வந்தபோது, ரோகிணி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். “என் கம்ப்யூட்டரைக் கொண்டு வருவேன், விளையாடுவேன். சம்மதமா?” அவர் சிரித்துக்கொண்டே, “கொண்டு வாங்க, எனக்கும் சொல்லிக் குடுங்க” என்றார். ஆவணியில் கல்யாணம். ஐப்பசியில் பெரிய போட்டி, அவரவர் வீட்டிலிருந்தே ஆடுவது. ஜெயித்தால் சம்பளம் கொடுத்து அணியில் வைத்துக்கொள்வார்களாம். பில் போடுகிற வேலையிலிருந்து விடுதலை. அவள் முகத்தில் கல்யாணக் களையைவிட அந்தக் களைதான் அதிகம் தெரிந்தது.

இந்த இடத்தில் என் அண்டாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கல்யாணத்தின்போது எங்கள் அப்பாவுக்குக் கையில் ஒன்றுமில்லை. வீட்டிலிருந்த பழைய பித்தளை அண்டாவை ஒட்டுப்போட்டு, ஈயம் பூசி, புளி போட்டுத் தேய்த்துப் புதுசு மாதிரி சீரில் வைத்தார். எங்கள் பக்கம் சீரைக் கூடத்தில் பரப்பி வைப்பார்கள், சொந்தபந்தம் எல்லாம் வந்து பார்க்கும். என் நாத்தனார் மோதிர விரலால் அண்டாவைத் தட்டினாள், கவிழ்த்தாள், அடியில் ஒட்டைக் கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து அந்த வீட்டில் என் பெயர் கல்யாணசுந்தரி இல்லை, ‘ஒட்டு அண்டா’. வீட்டுக்காரர் செத்தன்றுகூட ஒருத்தி அப்படித்தான் கூப்பிட்டாள். தம்பி இதையெல்லாம் பார்த்து வளர்ந்தவன். “எம் மக சீர்ல பழசுன்னு ஒரு கரண்டிகூட இருக்காதுக்கா” என்பான். சூடு கண்ட பூனை.

கல்யாணத்துக்கு முந்தின வாரம் நானும் ரோகிணியும் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கப் போயிருந்தோம். திரும்பி வந்தால் அவள் மேஜை காலியாகக் கிடந்தது. கூடத்தில் டிவி மாதிரித் தட்டையாக ஒரு புதுக் கம்ப்யூட்டர், மேலே சந்தனம் குங்குமம் வைத்து. பக்கத்தில் என் தம்பி, வாயெல்லாம் பல்.

“பாரு ஆத்தா! எல்லாம் இந்தத் திரைக்குள்ளயே இருக்காம். இப்ப வந்ததுலயே இதான் புதுசாம்!”

“என் டப்பா எங்கப்பா?”

“மூடிகூட இல்லாம, அதையா சபையில வைக்கிறது? எக்ஸ்சேஞ்சுல குடுத்துட்டேன். இது பழசாச்சேண்ணேன்னு கடைக்காரரு தயங்குனாரு. பாவம், பெரிய மனசு பண்ணி எடுத்துக்கிட்டாரு.”

ரோகிணி புதுசையே பார்த்தபடி நின்றாள். பிறகு, “நல்லா இருக்குப்பா” என்றாள். அடுப்படிக்கு வந்துதான் அவளுக்குக் குரல் உடைந்தது. “அத்தே, அது அடைச்சு மூடுன பெட்டி. அதுக்குள்ள ஒண்ணையும் மாட்ட முடியாது. எங்க விளையாட்டு அதுல ஓடாது அத்தே.”

மறுநாள் கல்லுக்கட்டிப் பக்கம் அந்தக் கடைக்குப் போனோம். அவள் கார்டு கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு உட்கார்ந்திருந்தது, மூலையில் சிவப்பு நகப்பூச்சோடு. கடைக்காரன் பெயர் மாயக்கண்ணன். பெயர் வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.

“மூடி இல்லாத டப்பாய்யா அது. உள்ள என்ன இருக்குன்னு உனக்குத் தெரியாமயா எடுத்த?” என்றேன்.

“என்னக்கா இப்படிப் பேசுறீக? அண்ணேன் மனசாரக் குடுத்தாரு, நான் வாங்கிக்கிட்டேன். அவரு வந்து கேக்கட்டும், தாரேன். நீங்க கேட்டா எப்படித் தர முடியும்?”

எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம் என்று இருக்கிறவனிடம் நியாயம் பேசி என்ன ஆகப்போகிறது? நான் தம்பிக்குப் போன் போட எடுத்தேன். ரோகிணி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“வேணாம் அத்தே. அப்பாவுக்குத் தெரிஞ்சா கல்யாணத்தன்னைக்குத் தலை நிமிர மாட்டாரு. எம்மேல சத்தியம், சொல்லக் கூடாது.”

என்னைச் சத்தியத்தில் கட்டிப்போட்டுவிட்டாள். வழியெல்லாம் நான் கடைக்காரனைத் திட்டிக்கொண்டே வந்தேன்.

சீர் பரப்பினார்கள். அத்தனை பாத்திரத்துக்கும் கட்டிலுக்கும் நடுவில் அந்தத் தட்டைக் கம்ப்யூட்டர் பளபளவென்று நின்றது. சம்பந்தியம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்து, “எல்லாம் புத்தம் புதுசு” என்று ஊருக்குக் கேட்கச் சொன்னாள். தம்பி என் காதருகே குனிந்து, “உன் அண்டாவுக்கு இன்னைக்குத்தான்க்கா பதில் சொல்லிருக்கேன்” என்றான். கண் கலங்கியிருந்தது. என் அண்டா வெளியே பளபளப்பு, அடியில் ஒட்டு. அவள் டப்பா வெளியே நசுங்கல், உள்ளே அத்தனையும் தங்கம். அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்தார்கள், டப்பாவுக்குள் எட்டிப் பார்க்கத்தான் தம்பிக்குத் தோன்றவில்லை.

ஐப்பசி வந்தது, போனது. அணியில் அவள் இடத்துக்கு வேறு ஒரு பையனைச் சேர்த்துக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லவும் வழியில்லை, கம்ப்யூட்டர் இல்லாத அக்காவை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்? சம்பந்தியம்மா புதுக் கம்ப்யூட்டருக்கு உறை தைத்து மாட்டி, வெள்ளிக்கிழமை தோறும் சூடம் காட்டினாள். தம்பி போன் பண்ணும்போதெல்லாம், “நல்லா ஓடுதா ஆத்தா?” என்பான். “நல்லா ஓடுதுப்பா” என்பாள்.

அத்தோடு போயிருந்தால் பரவாயில்லை. மருமகன் முத்தரசு, நல்ல மனசோடுதான், ஒருநாள் தம்பியிடம் சொல்லியிருக்கிறார்: “மாமா, இதுல அவ விளையாட்டு ஓடலை. ஏதோ கார்டு இருந்தாத்தான் ஓடுமாம்.” தம்பி யாரிடமும் மூச்சு விடவில்லை.

தலைப்பொங்கல் சீர் கொண்டு நானும் அவனும் போனோம். அரிசி, வெல்லம், கரும்பு எல்லாம் இறக்கியபிறகு, வேட்டி மடிப்பைச் சரிசெய்துகொண்டு, பளபளப்புத் தாள் சுற்றிய ஒரு பெட்டியை மகள் கையில் கொடுத்தான். “பிரிச்சுப் பாரு ஆத்தா. உன் விளையாட்டுக்குத்தான். நம்ம மாயக்கண்ணன் கடையிலயே வாங்குனேன்.”

பிரித்தாள். மூலையில் சிவப்பு நகப்பூச்சு. அண்ணன் வந்து கேட்டால் தருகிறேன் என்றவன், அண்ணன் வந்து கேட்டபோது பெட்டிக்குள் போட்டு விலைக்குக் கொடுத்திருக்கிறான். அடைத்து மூடின புதுக் கம்ப்யூட்டரில் அதை மாட்டத்தான் இடமில்லை. நான் வாயைத் திறக்கப்போனேன். ரோகிணி என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

அவள் பார்க்கிற பார்வையில் தம்பிக்கு என்னவோ சந்தேகம் தட்டியிருக்க வேண்டும். சிரிப்பு குறைந்தது.

“புதுசுதானே ஆத்தா? ஏமாத்திடலையே?”

நகப்பூச்சின் மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துக்கொண்டாள்.

“புதுசுதான்ப்பா.”