மஞ்சள் கோட்டுக்குள் ஒரு ஓம்

பாரிசில் கோப்பை கழுவினேன். ஜெர்மனிக்கு வந்து லைப்சிக்கில் ஒரு கிடங்கில் பெட்டி தூக்கினேன். ஆஹென் நகருக்கு வந்தபோது எனக்கென்று அறை கிடைக்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்து பொறியியல் படித்துக்கொண்டிருந்த ஒருவனின் அறையில் பாதியை எடுத்துக்கொண்டேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அவன் என்னை அண்ணா என்பான். நல்லவன். அதுதான் எரிச்சல்.

அவன் காதலித்தவள் இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை, மருத்துவமனையில் தாதி. வாசலோடு பேசிவிட்டுப் போவாள்; என்னை நிமிர்ந்து பார்த்ததில்லை. யாழ்ப்பாணத்தார் நாங்கள் ஆமாவுக்கு ஓம் என்போம். "ஓம் சொல்லத் தெரியாதவனுக்குப் பொம்பிளை குடுக்கேலாது" என்று அவளுடைய தாய் சொல்லிவிட்டாராம். அவனும் பழகிப் பார்த்தான். வாயைத் திறந்தால் ஆமாதான் வந்தது.

ஒரு ஞாயிறு மாலை அவனும் அவளும் பழைய பிரெஞ்சுப் படம் ஒன்றுக்குப் போவதாக இருந்தது. அன்று பார்த்து அவனுடைய ஆய்வுகூடத்தில் ஏதோ இயந்திரம் நின்றுவிட்டது. அவளோ போனை எடுக்கவில்லை.

"அண்ணா, நீங்க போய்ச் சொல்லிடுங்க. என் மஞ்சக் கோட்டைப் போட்டுக்கங்க, பாத்ததும் வந்துடுவா" என்று தன் டிக்கெட்டையும் தந்தான்.

மழையில் தியேட்டர் வாசலில் நின்றேன். அவள் வரவில்லை. படம் தொடங்கியதும் அவனுடைய இருக்கையில் போய் உட்கார்ந்தேன். கொலைகாரன் என்று ஆள்மாறிப் பிடிபட்ட ஒரு கடிகார வியாபாரியின் கதை. கீழே ஜெர்மன் எழுத்து ஓடியது. எனக்குச் சமையலறைப் பிரெஞ்சே போதுமாயிருந்தது. "நான் அவனில்லை" என்று வியாபாரி கத்துகிறான். பொலிஸ் நம்பவில்லை.

இருட்டில் ஒருத்தி வந்து பக்கத்தில் அமர்ந்து என் கையைப் பிடித்தாள்.

"பஸ் பிந்திப்போட்டுது. கோவமோ?"

"ஓம்" என்றேன் மெல்ல. யோசிக்காமல் வந்தது. பொய்யும் இல்லை.

அவள் பிடி இறுகியது. "அட, பழகிட்டியள். எனக்காகவோ?" என்று காதருகே சிரித்தாள். "அம்மாவுக்கு முன்னாலயும் இப்பிடியே சொல்லுங்கோ."

வாய் பேசத் தொடங்கிய நாள் முதல் நான் சொல்லிவரும் சொல். ஒருவரும் அதற்காக என் கையைப் பிடித்ததில்லை. இப்போதும் அது அவனுக்கே போய்ச் சேர்ந்தது. இன்னும் ஒரு ஓம் சொல்லலாமா என்று நினைத்தேன்.

"நான் அவனில்லை" என்றேன். "அவனுக்கு லேப்பில வேலை. சொல்லச் சொன்னவன்."

திரை வெளிச்சத்தில் என் முகத்தைப் பார்த்தாள். கையை எடுத்தாள்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அண்ணை. கோட்டைப் பாத்து ஏமாந்திட்டன். அவர் இன்னும் சாப்பிட்டிருக்க மாட்டார், நான் போறன்."

போய்விட்டாள். நான் மீதிப் படத்தையும் பார்த்தேன். கடைசிவரை ஒருவரும் அந்த வியாபாரியை நம்பவில்லை. என்னை ஒரே தடவையில் நம்பிவிட்டாள்.

மறுநாள் காலை அவன் கண்ணாடி முன் நின்றுகொண்டிருந்தான். அவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும்.

"ஓம். ஓம். அண்ணா, இப்ப சரியா இருக்கா?"

சரியாகத்தான் இருந்தது. யாழ்ப்பாணத்தில் எந்தச் சந்தியில் நின்று சொன்னாலும் ஒருவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

"இன்னும் வரேல்லை" என்றேன்.